அலையாத்திக் காட்டை மீட்பது எப்படி? ஊர்க்குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பருவநிலை மாற்றத்துக்கு எதிராகக் கரையோர ஊர்கள் தம் கையாலேயே செய்யக்கூடிய வேலைகளில் முக்கியமானது, ஓதநீர் வந்துபோகும் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) மீட்பது. அதிகமாகத் தோற்றுப்போவதும் இதே வேலைதான். பிச்சாவரம், இலங்கை, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கென்யா, மெக்சிகோ எனப் பல கரைகளில் நடந்ததை வைத்து, புதிதாக இறங்கும் குழுக்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். இலங்கை வாசகர்கள் கண்டல் காடு என்று சொல்வதும் இதைத்தான்.

எங்களிடம் ஐந்து ஏக்கர் சேற்று நிலம் இருக்கிறது. எத்தனை கன்று வாங்க வேண்டும்?

இப்போதைக்கு ஒன்றுகூட வேண்டாம். பக்கத்தில் காடு இருந்தால் அதன் விதைகள் ஒவ்வோர் ஆண்டும் ஓதத்தில், அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தில், மிதந்து உங்கள் நிலத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கும். வந்தும் ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

பெரும்பாலும் காரணம் இவற்றில் ஒன்று: ரோடு, அணைக்கரை, தூர்ந்த முகத்துவாரம் ஆகியவற்றால் ஓதநீர் உள்ளே வருவதில்லை, வந்த நீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்புக்குட்டை ஆகிறது, தரை மிகத் தாழ்ந்து எப்போதும் நீருக்கடியில் கிடக்கிறது, ஆடு மாடு மேய்ந்துவிடுகிறது அல்லது விறகுக்கு வெட்டுகிறார்கள். பக்கத்தில் தாய்மரமே இல்லாததால் விதை வரவில்லை என்பது ஐந்தாவது காரணம். அந்த ஒன்றுக்குத்தான் கன்று நடுவது நேரடி மருந்து. மற்ற நான்கிலும் நட்ட கன்று, தானாக வந்த விதை போன வழியிலேயே போகும்.

ஆனால் எல்லா இடத்திலும் நடத்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள், பிறகு செத்தும் போகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டார்கள். பின்னர் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான் என்று 2017இல் எழுதினார்கள். தவறான மட்டத்தில் நட்டது, நீரோட்டம் பார்க்காதது, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது என்பவையே அவர்கள் கண்ட காரணங்கள்.

பிலிப்பைன்ஸ் கதையும் இதுதான். அங்கே காடாக இருந்த நடுமட்டத் தரையெல்லாம் மீன்குட்டை ஆகிவிட்டது. குத்தகைக்காரர்களிடமிருந்து அதை மீட்பது தலைவலி. அதனால் யாருக்கும் சொந்தமில்லாத தாழ்ந்த சேற்றுத்திட்டுகளிலும் கடற்புல் படுகைகளிலும் சுரபுன்னை என்ற அலையாத்தி வகையின் விதைக்குச்சிகளை வரிசையாகக் குத்தினார்கள். எங்கே வளரும் என்று பார்க்கவில்லை, எங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று பார்த்தார்கள். 10 முதல் 20 சதவீதம்தான் பிழைத்தது. நல்ல கடற்புல் கெட்டது அதற்கு மேல் நட்டம்.

சரியான மட்டம் எது? எப்படி அளப்பது?

அலையாத்தி மரங்கள் நீர்ச்செடிகள் அல்ல. சராசரிக் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி, அமாவாசை, பௌர்ணமி ஏற்றம் தொடும் எல்லை வரைதான் அவற்றின் இடம். முதலில் நீரோட்டத்தைச் சரிசெய்து காட்டை மீட்கும் முறையை ஃபுளோரிடாவில் வகுத்த சூழலியலாளர் ராபின் லூயிஸ் தந்த கணக்கு எளிது: மொத்த நேரத்தில் 30 சதவீதத்துக்குமேல் நீர் மூடும் தரையில் காடு நிற்காது. மீதி 70 சதவீத நேரம் வேர்களுக்குக் காற்று வேண்டும்.

காவிரி டெல்டாக் கரையில் ஓத ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே 15 சென்டிமீட்டர் பிசகினால்கூட ஒரு மரவகையின் எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. பக்கத்தில் நல்ல காடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதுவே உங்கள் அளவுகோல். உங்கள் நிலமும் அந்தக் காடும் ஒரே ஓடையில், கிட்டத்தட்ட அருகருகே இருந்தால் இப்படிச் செய்யலாம்: காற்றில்லாத ஒரு பௌர்ணமி நாளில் இரண்டு இடத்திலும் ஆளை நிறுத்துங்கள். ஏற்றம் உச்சிக்கு வந்து நீர் அசையாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் இருவரும் ஒரே நேரத்தில் தரைக்கு மேல் நீரின் ஆழத்தை அளக்க வேண்டும். காட்டில் வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி வகை நிற்கும் தரையில் 20 செ.மீ., சுரபுன்னை நிற்கும் ஓடைக்கரையில் 35 செ.மீ., உங்கள் நிலத்தில் 60 செ.மீ. என்று வந்தால், உங்கள் நிலம் சுரபுன்னைத் தரையைவிட 25 செ.மீ. தாழ்வு. அங்கே எதை நட்டாலும் மூழ்கும். அமாவாசையன்று மறுபடி அளந்து சரிபாருங்கள்.

நிலத்துக்குள் மேடு பள்ளம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். 15 மீட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய், இரண்டு அளவுகோல் கம்பு, நீர். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் ஒன்றாக வைத்து நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வெயிலில் கிடந்த குழாயில் ஒரு பக்கம் சூடானாலும் பிசகும், காலையிலேயே அளந்துவிடுவது நல்லது.

உப்பையும் அளக்க வேண்டும். மேலே ஓடும் நீரை அளந்து பயனில்லை. வற்றத்தில், அதாவது ஓதம் இறங்கிய நேரத்தில், முழங்கை ஆழக் குழி தோண்டி, அதில் ஊறும் நீரில் ஒரு சொட்டை உப்பளக்கும் ஒளிவிலகல்மானியில் (ரிஃப்ராக்டோமீட்டர்) வைத்துப் பாருங்கள். கடல்நீர் 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டும். வெண்கண்டல் அதன் இருமடங்கு உப்பிலும் உயிரோடு இருக்கும், ஆனால் இடுப்புயரப் புதராகவே நிற்கும். சுரபுன்னை அவ்வளவு தாக்குப்பிடிக்காது. உப்புத்தரையில் வளரும் உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் முளைக்காத தரை என்றால் அளக்காமலேயே விடை தெரிந்துவிடும்.

பிச்சாவரத்தில் வெட்டிய மீன்முள் வாய்க்கால் என்பது என்ன?

அங்கே காடு அழிந்த விதத்தைப் புரிந்துகொண்டால் வாய்க்கால் ஏன் என்பது புரியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூப்பு முறையில் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். நிழல் போனதும் ஈரக்களி காய்ந்து அமிழ்ந்தது. நடுவில் தாம்பாளம்போல் பள்ளம் விழுந்தது. பெரிய ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே வற்றி உப்பை விட்டுச் சென்றது. ஆண்டுக்கு ஆண்டு உப்பு ஏறி, வெட்டிய இடத்தில் மறுபடி மரமே வரவில்லை. விறகு பொறுக்கும் ஊர்க்காரர்கள் மீதும் மாடு மேய்ப்பவர்கள் மீதும்தான் நெடுங்காலம் பழி இருந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்குழுக்களும் சேர்ந்து செய்த வேலை, அந்தத் தாம்பாளத்தை ஓடையோடு இணைத்ததுதான். இயற்கை ஓடையிலிருந்து ஒரு தாய் வாய்க்கால். அதன் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். கிளைகள் செங்குத்தாகப் பிரிந்தால் திருப்பத்தில் நீர் வேகம் இழந்து மண் படியும். சாய்வு வைப்பது அதற்காகத்தான்.

தாய் வாய்க்காலுக்கு மேல் அகலம் சுமார் 3 மீட்டர், அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடலாம்; கிளைகள் இதைவிடக் குறுகலாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். பக்கச்சுவர் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருப்பது முக்கியம். கன்று நடுவது அந்தச் சரிவின் நடுப்பகுதியில்: தினசரி ஏற்றம் தொட்டு நனைத்துவிட்டுப் போகும், தேங்காது.

வேலையின் அளவு தெரிய ஒரு கணக்கு: மேற்சொன்ன அளவில் 100 மீட்டர் வாய்க்கால் என்றால் 200 கன மீட்டர் மண். ஈரக்களியில் மண்வெட்டியால் ஒருவர் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கன மீட்டர் எடுத்தால் 100 முதல் 130 ஆள்நாள். செலவில் பெரும்பங்கு இதுதான், கன்றுகள் அல்ல.

இதில் நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, வெட்டிய மண்ணைக் கரையோரமாகவே தொடர்ச்சியாகக் குவிப்பது. நீரைக் கொண்டுவர வெட்டிவிட்டு நீரைத் தடுக்கும் அணையையும் கூடவே கட்டிவிடுகிறார்கள். மண்ணைத் தள்ளிப் பரப்புங்கள், அல்லது சிறு மேடுகளாக இடைவெளி விட்டுக் கொட்டுங்கள். இரண்டாவது, அடிமட்டம். வாய்க்காலின் அடி, அது சேரும் ஓடையை நோக்கிச் சரிந்து போக வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் வற்றத்தில் குட்டை நிற்கும். மூன்றாவது, வெட்டிய கையோடு மறந்துவிடுவது. வாய்க்கால் தூரும். கன்றுகள் வளர்ந்து தரையைப் பிடிக்கும்வரை, முதல் சில ஆண்டுகளுக்காவது, மழைக்காலம் முடிந்ததும் வாய்ப்பகுதியைத் தூர்வார ஆளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

மெக்சிகோவின் யுகாட்டான் கரையில் செலெம் ஊர்ப் பெண்கள் குழுவும் ஆய்வாளர்களும் சேர்ந்து இதேபோல் கையால் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். தரை தாழ்ந்த இடங்களில் வலைத்தடுப்பு கட்டி, வாய்க்கால் மண்ணை அதற்குள் நிரப்பிச் சிறு திட்டுகளாக்கி, அதன்மேல் நடுகிறார்கள். திட்டில் வளரும் மரம் பின்னர் சுற்றிலும் விதை போடுகிறது. வெட்டிய மண்ணை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நாங்கள் பார்த்ததில்லை.

கைவிட்ட இறால் பண்ணையைக் காடாக்கலாமா?

தாராளமாக. பெரும்பாலும் அதுதான் பழைய காட்டின் இடம், மட்டமும் சரியாக இருக்கும். கரையை உடைத்து நீரை விட வேண்டும். எங்கே உடைப்பது என்பதில்தான் சூட்சுமம். பழைய வரைபடமோ செயற்கைக்கோள் படமோ பார்த்து, பண்ணை வருமுன் ஓடை எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடித்து அங்கே உடையுங்கள். உடைப்பின் அடி, குட்டையின் மிகத் தாழ்ந்த புள்ளிக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்க வேண்டும். அரைகுறையாக உடைத்தால் நீர் வரும், முழுதாக வடியாது. கரையோரப் பள்ளங்களை உடைத்த மண்ணால் அடைத்துவிட்டால் நீர் ஓடையைத் தேடிப் போகும். சுலவேசியின் தனகேக்கே தீவில் ஊர்க்காரர்கள் கைவிட்ட குட்டைகளில் இந்த வழியில்தான் போனார்கள். பெரும்பகுதி காடு தானாக முளைத்தது.

ஒரு எச்சரிக்கை: பழைய அலையாத்தி மண்ணைத் தோண்டிக் காயவிட்டால் அதிலுள்ள இரும்புக் கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகும். குவியலில் ஆரஞ்சுநிறக் கறை வழிந்தால் அறிகுறி அதுதான். அந்த மண்ணில் நேரடியாக நடாதீர்கள். சில மாதங்கள் ஓதம் கழுவட்டும்.

நடத்தான் வேண்டும் என்றால் விதையை எப்படித் தேர்வது?

சுரபுன்னையில் நாம் விதை என்று எடுப்பது மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீளமான குச்சி. காயும் குச்சியும் சேரும் இடத்தில் நிறம் மாறிய ஒரு வளையம் தெரிந்தால் முதிர்ந்தது. லேசாகத் திருகினால் கழன்று வரும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். துளையிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, வேண்டாம். ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் ஒரு வாரம் வைக்கலாம். கூர்முனை கீழே, மொட்டுமுனை மேலே இருக்கும்படி, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகச் செருகினால் போதும். ஒரு மீட்டர் முதல் இரண்டு மீட்டர் இடைவெளி. தலைகீழாகக் குத்திவிட்டுப் போகும் தன்னார்வலர்கள் உண்டு. முதல் வரிசையை நீங்களே நட்டுக் காட்டுங்கள்.

வெண்கண்டல் விதை அதிக நாள் தாங்காது. சேகரித்த அன்றே நீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் தோல் கழன்றுவிடும். இரண்டு மூன்று நாளைக்குள் விதைத்துவிட வேண்டும். நேரடியாகப் போட்டால் ஏற்றம் அடித்துக்கொண்டு போகும் என்பதால் பையில் வளர்ப்பதே வழக்கம். நாற்றங்காலைப் பெரிய ஏற்றம் தொடும் மட்டத்தில் அமைத்தால் நீர் ஊற்றும் வேலை பெரிதும் மிச்சம். நான்கைந்து மாதம் வளர்த்து, நடுவதற்கு ஒரு மாதம் முன்னால் நிழல்வலையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வெட்டவெளியில் முதல் வாரமே இலை கருகும்.

நடும் காலம் மழையை ஒட்டியிருக்கட்டும். அப்போதுதான் மண்ணில் உப்பு குறைந்திருக்கும்.

கன்றின் தண்டில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது என்ன?

கொட்டலசு. கையால் சுரண்டலாம், ஆனால் பட்டை உரியும். கொட்டலசு நிறைய ஒட்டுகிறது என்றால் அந்தத் தரை நெடுநேரம் நீருக்கடியில் இருக்கிறது என்று பொருள். நோய் தண்டில் இல்லை, மட்டத்தில் இருக்கிறது. அடுத்த வரிசையைக் கரைப்பக்கம் தள்ளுங்கள். பாசியும் பிளாஸ்டிக்கும் சுற்றி இழுத்துச் சாய்ப்பது வேறு. அதற்கு மாதம் இருமுறை ஆள் போய் எடுத்தால் தீரும்.

எங்கள் கரையையே கடல் தின்கிறது. அங்கே?

நடுஜாவாவின் டெமாக் கரையில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நெதர்லாந்தின் பழைய சேறுபிடிக்கும் முறையைப் பின்பற்றி, கடலுக்குள் இரண்டு வரிசைக் கம்பங்கள் நட்டு, நடுவில் சுள்ளிக் கட்டுகளை அடுக்கி, மேலே வலை போட்டுக் கட்டினார்கள். அலை இதன் வழியே நுழைந்து வேகம் இழக்கும். உள்ளே சேறு படியும். தரை உயர்ந்தால் விதை தானாகப் பிடிக்கும். கல்சுவர் அலையைத் திருப்பி அடித்து அடிமண்ணை அரிக்கும். இந்தச் சுள்ளிவேலி அப்படிச் செய்யாது.

சில இடங்களில் சேறு படிந்தது, வெண்கண்டலும் முளைத்தது. சிக்கல்களும் வந்தன. மூங்கில் கம்பங்களைக் கடற்புழு துளைத்தது. சுள்ளி அமுங்கி, மிதந்து போகும். திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிது, நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் செமாராங், டெமாக் பகுதியில் தரையே ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் அமிழ்கிறது. சேறு படியும் வேகத்தை அது விழுங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறுகளைக் கட்டுப்படுத்தாத கரையில் வேலி கட்டுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

காடு இருந்தால் அலையும் புயலும் தடுக்கப்படுமா?

சாதாரண அலையை நன்றாகவே தணிக்கும்: 100 மீட்டர் அகலக் காடு அலையின் உயரத்தை 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கிறது. புயலில் பொங்கும் கடல்மட்டத்தைக் குறைக்கக் கிலோமீட்டர் கணக்கில் அகலம் வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 செ.மீ. வரைதான் குறையும். ஆகவே நாலு வரிசை மரத்தை நம்பிப் புயல் எச்சரிக்கையை மீறி வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள்.

கார்பன் வரவு (காடு பிடித்துவைக்கும் கார்பனுக்கான சான்று) விற்றுப் பணம் பார்க்கலாம் என்கிறார்களே?

நடந்திருக்கிறது. கென்யாவின் காஸி விரிகுடாவில் மிக்கோக்கோ பமோஜா என்ற ஊர்த்திட்டம் 2013 முதல், 117 ஹெக்டேர் காட்டுக்கு, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கில் வரவு விற்கிறது. பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. காட்டை வெட்டாமலிருக்க மாற்று விறகு வேண்டுமே என்று சவுக்குத் தோப்பும் போட்டார்கள். எங்களைக் கேட்டால் அந்தத் திட்டத்தில் மிகப் புத்திசாலித்தனமான வேலை அந்தச் சவுக்குதான்.

ஆனால் 3,000 டன்னை இன்றைய விலையால் பெருக்கி, அளவீடு, தணிக்கை, இடைத்தரகர் செலவைக் கழித்து, ஊரின் தலைகளால் வகுத்துப் பாருங்கள். ஊர்ப்பொதுவுக்கு உதவும் தொகை. குடும்ப வருமானம் ஆகாது. நிலத்தின் மீது ஊருக்கு எழுத்துப்பூர்வ உரிமையோ ஒப்பந்தமோ இல்லாமல் இதில் இறங்கவே முடியாது.

இன்னொன்று: இந்தக் காட்டின் கார்பனில் பெரும்பகுதி சேற்றில்தான் புதைந்திருக்கிறது. இந்தோ-பசிபிக் காடுகளை அளந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, மரமும் மண்ணும் சேர்த்து ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கார்பன் என்றது. அதனால் புதிதாக ஒரு ஹெக்டேர் நடுவதைவிட, இருக்கும் ஒரு ஹெக்டேரைத் தோண்டாமல் விடுவது பல மடங்கு பெரிய வேலை.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இந்தியாவில் அலையாத்திப் பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கடுமையான பிரிவான 1ஏ-வில் வருகிறது. காப்புக்காடு என்றால் வனத்துறை, புறம்போக்கு என்றால் வருவாய்த்துறை. எதுவாயினும் மண்வெட்டியைத் தூக்குமுன் புல எண்ணோடு எழுதிக் கேளுங்கள். அந்த ஓடையில் வலை போடுபவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். தாளில் உள்ள அனுமதியால் மாடு நிற்காது.

எத்தனை கன்று பிழைத்தது என்று எண்ணினால் போதாதா?

போதாது. நட்ட எண்ணிக்கைக்குப் பணம் என்றால் நெருக்கமாக நடுவார்கள். பிழைத்த எண்ணிக்கைக்குப் பணம் என்றால் செத்த இடத்தில் மறுபடி குத்துவார்கள். 10க்கு 10 மீட்டர் கட்டங்கள் சிலவற்றைக் கம்பு நட்டு நிரந்தரமாகக் குறித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நட்டதைத் தனியாக, தானாக முளைத்ததைத் தனியாக எண்ணுங்கள். இரண்டாவது எண் ஏறிக்கொண்டே போனால் நீரோட்டம் சரியாகிவிட்டது. ஒரே கம்பிலிருந்து ஒரே திசையில் படம் எடுங்கள். வாய்க்காலின் ஆழத்தையும் குழிநீரின் உப்பையும் குறித்துவையுங்கள். ஐந்தாண்டுகளாவது தொடர வேண்டும்.

புயலில் முறிந்த மரங்களை வெட்டி அகற்றலாமா?

அவசரப்படாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைப் புரட்டிப்போட்டபோதும் எழுந்த கேள்வி இது. வெண்கண்டல் முறிந்தாலும் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். மொட்டையாகத் தெரிகிறதே என்று வெட்டிவிட்டால் பிழைக்க இருந்ததையும் கொன்றதாகும். ஒரு மழைக்காலம் பொறுங்கள். சுரபுன்னை அப்படியல்ல, முதிர்ந்த கிளையில் துளிர்விடும் மொட்டு அதற்கு இல்லை, இலையெல்லாம் போனால் மரம் போனதுதான். அதையும் கிடந்த இடத்திலேயே விட்டால் மிதந்து வரும் விதைகள் அதில் தடுக்கிப் பிடிக்கும். உடனே எடுக்க வேண்டியவை வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்து நீரை மறிக்கும் மரங்கள் மட்டுமே.